மனநல மருந்துகளைப் பற்றி எங்கே படிப்பது? தகவல் தளங்கள் ஒரு மதிப்பீடு

மருத்துவர் மனச்சோர்வுக்கு ‘செர்ட்ராலின் 50 மி.கி., காலையில் ஒன்று’ என்று எழுதிக் கொடுத்தால், அன்றிரவே அந்தப் பெயரைத் தேடுபொறியில் அடித்துப் பார்க்காதவர்கள் குறைவு. பார்ப்பதில் தவறே இல்லை. மூளையில் வேலை செய்யும் ஒரு மருந்தை மாதக்கணக்கில் சாப்பிடப் போகிறவருக்கு அது என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. ஆனால் தேடலில் முதலில் வந்து நிற்பவை மாத்திரை விற்கும் கடைகளின் பக்கங்கள், ஏதோ ஒரு மருத்துவமனையின் விளம்பரக் கட்டுரை, ‘இந்த மருந்து என் வாழ்க்கையை அழித்துவிட்டது’ என்று தொடங்கும் பதிவு, ‘என் உயிரைக் காப்பாற்றியது’ என்று முடியும் இன்னொரு பதிவு. மருந்தை அனுமதித்த அமைப்பு ஒப்புதல் தந்த ஆவணம் இவற்றுக்கெல்லாம் கீழே எங்கோ கிடக்கிறது.

அப்படிப்பட்ட ஆவணங்களையும், அவற்றை எளிமையாக்கித் தரும் தளங்களையும், மக்கள் அதிகம் நம்பிப் போகும் மற்ற இடங்களையும் இங்கே எடை போட்டிருக்கிறோம். பார்த்தவை நான்கு: எழுதியது யார், கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, பக்க விளைவை எண்ணிக்கையோடு சொல்கிறதா, ஒரு வேளை மறந்தால், நிறுத்த வேண்டுமென்றால், உடம்புக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று சொல்கிறதா. இந்த நான்கிலும் முழு மதிப்பெண் வாங்கும் தளம் ஒன்றுகூட இல்லை. ஆனால் இரண்டைச் சேர்த்து வைத்துப் படித்தால் ஒரு நோயாளிக்கு வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

முதலில் பெயர் சரியா என்று பாருங்கள்

தவறான தகவல் பெரும்பாலும் தவறான பெயரில்தான் தொடங்குகிறது. பிராண்ட் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயர் ஒரு நாட்டில் ஒரு மருந்துக்கும் இன்னொரு நாட்டில் வேறொரு மருந்துக்கும் இருக்கும். அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயர்தான், அதாவது ஜெனரிக் பெயர்தான், எங்கும் செல்லும். பெயர்க் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு: மனச்சோர்வுக்கான வோர்டியாக்செடின் ‘பிரின்டெலிக்ஸ்’ என்ற பெயரில் விற்கப்பட்டது. ரத்தம் உறையாமல் தடுக்கும் டிகாக்ரெலாரின் பெயர் ‘பிரிலின்டா’. சீட்டு எழுதுகிறவர்களும் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர்களும் இரண்டையும் மாற்றிவிடுகிறார்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015-இல் எச்சரித்தது. 2016-இல் முதல் மருந்தின் பெயரையே ‘டிரின்டெலிக்ஸ்’ என்று மாற்றினார்கள். தொழிலில் இருப்பவர்களுக்கே இப்படியென்றால், அவசரத்தில் கைப்பேசியில் தட்டுகிறவருக்கு எழுத்து மாறாமல் இருக்குமா?

மூலப்பெயரோடு மாத்திரையின் வகையையும் குறித்துக்கொள்ளுங்கள். வென்லாஃபாக்சின், குவெடியாபின் போன்றவை சாதாரண மாத்திரையாகவும் மெதுவாகக் கரையும் வகையாகவும் வருகின்றன. பிராண்ட் பெயருக்குப் பின்னால் வரும் எக்ஸ்.ஆர்., எஸ்.ஆர். போன்ற எழுத்துகள் இரண்டாவதைக் குறிக்கும். ஒரு நாளைக்கு எத்தனை வேளை, உடைத்துச் சாப்பிடலாமா, சாப்பாட்டோடா அதற்கு முன்பா என்பதெல்லாம் இதைப் பொறுத்து மாறும். வகை தெரியாமல் படித்த டோஸ் தகவல் உதவாது.

டெய்லிமெட்: அடிப்படை ஆவணம் கிடைக்கும் இடம்

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இலவசத் தளம் இது. எஃப்.டி.ஏ.விடம் நிறுவனங்கள் சமர்ப்பித்த லேபிள்கள் முழுமையாக இருக்கும். லேபிள் என்றால் டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு என்று எண்ண வேண்டாம். பல பத்துப் பக்கங்கள் நீளும் ஆவணம். முழுவதையும் படிக்கத் தேவையில்லை. புதிய வடிவ லேபிள்கள் எல்லாவற்றிலும் பகுதி எண்கள் ஒன்றேதான் என்பதால் நேராக வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம். யார் சாப்பிடவே கூடாது என்பது பகுதி 4. எச்சரிக்கைகள் 5. பக்க விளைவுகள் 6. மற்ற மருந்துகளோடு மோதல் 7. கர்ப்பம், தாய்ப்பால், முதியோர், சிறுநீரகம் எல்லாம் 8. உடம்பில் எவ்வளவு நேரம் தங்கும் என்பது 12.3. நோயாளியிடம் மருத்துவர் என்ன சொல்ல வேண்டும் என்பது 17. எளிய மொழியில் படிக்க விரும்புகிறவர்கள் 17-இலிருந்து தொடங்கலாம். மனச்சோர்வு மருந்துகளுக்கு அதற்கும் பின்னால் நோயாளிகளுக்கென்றே எழுதிய மருந்து வழிகாட்டி இணைந்திருக்கும்.

இந்தத் தளத்துக்கு முதலிடம் கொடுப்பதற்குக் காரணம் பகுதி 6-இல் இருக்கும் அட்டவணை. அதில் மருந்து சாப்பிட்டவர்களுக்கு ஒரு பத்தி, மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஒரு பத்தி. செர்ட்ராலின் லேபிளில் குமட்டல் 26 சதவீதம் என்றிருக்கிறது. அதை மட்டும் பார்த்தால் நான்கில் ஒருவருக்கு இந்த மருந்து குமட்டலைத் தரும் என்று தோன்றும். பக்கத்துப் பத்தியில் போலி மாத்திரைக்காரர்களுக்கு 12 சதவீதம். ஆக, மருந்தின் கணக்கில் சேர வேண்டியது ஏறத்தாழ 14. தூக்கமின்மைக்கு 20-க்கு எதிரே 13. மருந்தின் பங்கு வெறும் 7. வயிற்றுப்போக்குக்கு 20-க்கு எதிரே 10. இந்த இரண்டாவது பத்தியைக் காட்டாத எந்தப் பக்க விளைவுப் பட்டியலும் படிப்பவரை மிரட்டத்தான் பயன்படும். தளங்களில் பெரும்பாலானவை அதைக் காட்டுவதில்லை.

மனச்சோர்வு மருந்துகள் எல்லாவற்றின் லேபிளிலும் முதலிலேயே கறுப்புக் கட்டத்துக்குள் தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கை இருக்கும். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் என்று 2004-இல் வந்தது, 2007-இல் 24 வயது வரை நீட்டப்பட்டது. இதைத் தலைப்பாக்கி பயமுறுத்தும் கட்டுரைகள் ஏராளம். எண்கள் லேபிளின் உள்ளேயே, பகுதி 5-இல் இருக்கின்றன. போலி மாத்திரையோடு ஒப்பிட்டால், 1,000 பேரில் 18 வயதுக்குக் கீழ் 14 பேருக்குக் கூடுதலாகத் தற்கொலை எண்ணமோ நடத்தையோ வந்தது. 18 முதல் 24 வரை 5 பேருக்குக் கூடுதல். 25 முதல் 64 வரை ஒருவருக்குக் குறைவு. 65-க்கு மேல் 6 பேருக்குக் குறைவு. வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை மருந்து தொடங்குகிறது என்றால், முதல் சில வாரங்களிலும் டோஸ் மாறும்போதும் கூடவே இருந்து கவனிக்க வேண்டும் என்பதற்கு இந்த எண் போதும். எழுபது வயது அம்மாவின் மருந்தைப் பயந்துபோய் நிறுத்துவதற்கு இதில் ஒரு காரணமும் இல்லை.

குறைகளும் உண்டு. சட்ட நோக்கில் எழுதப்பட்ட கனமான ஆங்கிலம். ஒரே மருந்துக்கு எத்தனை நிறுவனங்களோ அத்தனை லேபிள்கள் வரும். திருத்திய தேதி புதிதாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அட்டவணையில் இருப்பவை பெரும்பாலும் சில வாரங்களே நடந்த ஆய்வுகளின் கணக்கு. ஓராண்டு கழித்து ஏறும் உடல் எடை அதில் தெரியாது. பாலுறவு சார்ந்த பக்க விளைவுகளை நோயாளிகளும் சொல்லக் கூச்சப்படுவார்கள், மருத்துவர்களும் கேட்கத் தயங்குவார்கள் என்பதால் ஆய்வில் வந்த எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கலாம் என்று லேபிளே ஒப்புக்கொள்கிறது.

இன்னொன்றைத் தெரிந்துகொள்ளாவிட்டால் மருத்துவர் மீது வீண் சந்தேகம் வரும். லேபிளில் அனுமதி பெற்ற பயன்கள் மட்டுமே இருக்கும். தூக்கத்துக்கென்று குறைந்த அளவு குவெடியாபின் எழுதப்படுவது உண்டு. லேபிளில் தூக்கமின்மை இருக்காது, மனச்சிதைவும் பைபோலார் எனப்படும் இருமுனைக் கோளாறும் மனச்சோர்வும்தான் இருக்கும். படித்தவர் ‘எனக்கு மனச்சிதைவு என்று மறைக்கிறார்களா’ என்று கலங்கிப் போவார். பொதுவான பதற்றக் கோளாறுக்குச் செர்ட்ராலின் எழுதினாலும் இதே கதைதான். அமெரிக்க லேபிளில் அந்தப் பயன் இல்லை. அனுமதி இல்லாத பயனுக்கு எழுதுவது மருத்துவத்தில் வழக்கமான ஒன்று. எல்லாவற்றுக்கும் சமமான ஆதாரம் இருக்கிறது என்று சொல்லவில்லை, ‘எதற்காக இது?’ என்று நேரே கேட்டுவிடுங்கள்.

ஐரோப்பிய வடிவம்: இ.எம்.சி. தளமும் பெட்டிக்குள் இருக்கும் தாளும்

பிரிட்டனில் அனுமதி பெற்ற மருந்துகளின் ஆவணங்கள் இ.எம்.சி. தளத்தில் கிடைக்கும். மருத்துவர்களுக்கானது ஒன்று, பெட்டிக்குள் வரும் தாளாக நோயாளிக்கானது ஒன்று. முதலாவதில் 4.5 மருந்து மோதல், 4.6 கர்ப்பமும் தாய்ப்பாலும், 4.7 வண்டி ஓட்டுதல், 4.8 பக்க விளைவு. வண்டி ஓட்டுவதற்கென்று தனிப் பகுதி இருப்பது நல்ல ஏற்பாடு.

4.8-இல் வரும் சொற்களுக்குக் கறாரான அளவு உண்டு. ‘மிகப் பொதுவானது’ என்றால் 10 பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ. ‘பொதுவானது’ 100-இல் ஒன்று முதல் 10-இல் ஒன்று வரை. ‘பொதுவற்றது’ 1,000-இல் ஒன்று முதல் 100-இல் ஒன்று வரை. ‘அரிது’ 10,000-இல் ஒன்று முதல் 1,000-இல் ஒன்று வரை. அதற்கும் கீழே ‘மிக அரிது’. ‘பொதுவானது’ என்று படித்ததும் தனக்கு நிச்சயம் வரும் என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் அதிகம். 100 பேர் சாப்பிட்டால் அவர்களில் குறைந்தது 90 பேருக்கு அது வராது என்பதுதான் அதன் பொருள். ஆனால் இந்தப் பட்டியலில் பெரும்பாலும் போலி மாத்திரையின் எண் பக்கத்தில் இருக்காது. அதற்கு டெய்லிமெட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

முதல் முறை படிப்பவருக்கு: என்.எச்.எஸ். பக்கங்கள்

பிரிட்டனின் பொதுச் சுகாதார அமைப்பான என்.எச்.எஸ்., அகர வரிசையில் மருந்துப் பக்கங்கள் வைத்திருக்கிறது. எளிமையில் இதற்கு இணையாக ஒன்றைக் காட்டுவது கடினம். யார் சாப்பிடலாம், எப்போது சாப்பிடுவது, ஒரு வேளை மறந்தால் என்ன, கூடுதலாக விழுங்கிவிட்டால் என்ன, எந்தப் பக்க விளைவு தானாகப் போகும், எதற்கு மருத்துவரை அழைக்க வேண்டும், வேலை செய்ய எத்தனை வாரம் ஆகும், மது அருந்தலாமா என்று நோயாளி மனதில் எழும் வரிசையிலேயே கேள்விகள் வருகின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் எப்போது சரிபார்த்தார்கள் என்ற தேதியும் இருக்கும். எல்லா மனநல மருந்துகளும் இதில் இல்லை என்பது பெரிய குறை. அடிக்கடி எழுதப்படும் மனச்சோர்வு மருந்துகளுக்கு இது போதும். அரிதாக எழுதப்படும் மருந்துக்கு வேறிடம் தேட வேண்டும்.

அந்த வேறிடம் மெட்லைன்பிளஸ். டெய்லிமெட்டை நடத்தும் அதே நூலகம்தான், ஆனால் எழுத்து அமெரிக்க மருந்தாளுநர் சங்கத்தினுடையது. மருந்துகளின் எண்ணிக்கை அதிகம், மொழியும் எளிது. பக்க விளைவுகளை மட்டும் எண்ணிக்கை இல்லாமல் நீளமாக அடுக்கிவிடுகிறது. வாய் உலர்வும் வலிப்பும் ஒரே பக்கத்தில் கண்ணில் படும். ஒன்று சாதாரணம், மற்றது அபூர்வம் என்பது அங்கே புரியாது. ஒரு வேளை தவறினால் என்ன செய்வது, எப்படிச் சேமிப்பது என்பதற்கு நம்பிப் பார்க்கலாம். அப்போதும் விதிவிலக்கான மருந்துகளை மறக்கக் கூடாது. மனச்சிதைவுக்கான குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸில் தொடரக் கூடாது, மறுபடி 12.5 மி.கி.யிலிருந்து ஏற்றி வர வேண்டும். வலிப்புக்கும் பைபோலாருக்கும் தரப்படும் லாமோட்ரிஜினும் பல நாள் விட்டுப்போனால் முதலிலிருந்துதான். ‘ஞாபகம் வந்ததும் சாப்பிடுங்கள்’ என்ற பொது அறிவுரையை இவற்றுக்குப் பொருத்தினால் ஆபத்து.

தேதி பார்க்காமல் படித்தால்

மனநல மருந்துத் தகவல் பழையதாகிப் போவதை நான்கு நிகழ்வுகள் தெளிவாகக் காட்டும். மனச்சோர்வு மருந்தான சிட்டாலோபிராம் ஒரு காலத்தில் நாளுக்கு 60 மி.கி. வரை கொடுக்கப்பட்டது. இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் மாற்றம் வருகிறது என்று 2011-இல் எஃப்.டி.ஏ. உச்ச அளவை 40-ஆக்கியது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 20. இன்றும் 60 மி.கி. என்று எழுதியிருக்கும் பக்கங்கள் திருத்தப்படாமல் கிடக்கின்றன. குளோசபினுக்கு ரத்த அணுப் பரிசோதனை முடிவைப் பதிவு செய்தால்தான் மருந்து கிடைக்கும் என்ற அமெரிக்கத் திட்டம் 2025-இல் விலக்கப்பட்டது. பரிசோதனை தேவையே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை, பதிவுக் கட்டாயம்தான் போனது. வலிப்புக்கும் பைபோலாருக்கும் தரப்படும் வால்ப்ரோயேட்டை 55 வயதுக்குக் குறைந்த ஆணுக்கோ பெண்ணுக்கோ புதிதாகத் தொடங்க வேண்டுமென்றால் இரண்டு நிபுணர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று பிரிட்டனில் 2024 ஜனவரியில் விதி வந்தது. கர்ப்பத்தில் இதைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் ஏறத்தாழ 9-இல் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 சதவீதம் பேருக்கு வளர்ச்சிச் சிக்கலும் கண்டதே இந்தக் கட்டுப்பாடுகள் தொடங்கக் காரணம்.

நான்காவது, நிறுத்தும்போது வரும் தொந்தரவு. மனச்சோர்வு மருந்தை நிறுத்தினால் வரும் அறிகுறிகள் பொதுவாக லேசானவை, ஒரு வாரத்தில் அடங்கும் என்று சிகிச்சை விதிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் 2009-இல் சொன்னது. சிலருக்கு இது கடுமையாகவும் நீண்டும் இருக்கலாம் என்று 2019-இல் திருத்தினார்கள். 2020-இல் அந்நாட்டு மனநல மருத்துவர் கழகம் மெல்ல மெல்லக் குறைப்பது எப்படி என்று நோயாளிகளுக்கே கையேடு வெளியிட்டது. அந்தக் கழகத்தின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம், படிக்க வேண்டும். குறைக்கக் குறைக்க அடிகள் சிறியதாக வேண்டும், கடைசிச் சில மில்லிகிராம்களில்தான் அதிக எச்சரிக்கை தேவை என்பதை அது அட்டவணை போட்டுக் காட்டுகிறது. ‘பாதியாக்கு, பிறகு நிறுத்து’ என்று இரண்டே அடியில் முடிக்கச் சொல்லும் பக்கம் எதுவானாலும் அதை மூடிவிடலாம்.

பழைய பக்கத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. கர்ப்பப் பாதுகாப்பை ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று எழுத்தில் வகைப்படுத்தும் முறையை எஃப்.டி.ஏ. 2015-இலிருந்து கைவிட்டு வருகிறது. ‘கர்ப்ப வகை: சி’ என்று மட்டும் சொல்லி நிறுத்தும் பக்கத்தில் மற்ற தகவலையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

மருந்து மோதல் சரிபார்க்கும் கருவிகள்

டிரக்ஸ்.காம் போன்ற தளங்களில் மருந்துப் பெயர்களை வரிசையாகச் சேர்த்தால் எது எதோடு மோதும் என்று கடுமை, நடுத்தரம், லேசு என மூன்று தரத்தில் காட்டும். பயனுள்ள கருவிதான். சரியாகப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. சீட்டில் உள்ளதை மட்டும் அடித்துவிட்டு விட்டுவிடுவார்கள். தலைவலிக்குத் தானாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரை, இருமல் மருந்து, மூலிகைப் பொடி எதுவும் பட்டியலில் சேராது. விபரீதம் வருவது அங்கேதான். பைபோலாருக்கு லித்தியம் சாப்பிடுகிறவர் மூட்டுவலிக்கு இபுபுரோஃபென் போட்டால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும், தண்ணீர் மாத்திரை எனப்படும் தையசைடுகளும், வாந்தி பேதியால் உடம்பில் நீர் வற்றுவதும் அதையே செய்யும். லித்தியம் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைக்கப்படுகிறது, 1.5-ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் தொடங்கும். வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவில் அவ்வளவு குறைந்த இடம். ரத்தம் எடுப்பதும் கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து இருக்க வேண்டும். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுப் போய்க் கொடுத்த ரத்தத்தின் முடிவு எதையும் சொல்லாது. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள இருமல் மருந்தையும் டிராமடால் வலி மாத்திரையையும் செர்ட்ராலின் வகையோடு சேர்ப்பதும் இப்படிக் கண்ணில் படாமல் போகிற மோதல்தான். மூளை வேதிப்பொருளான செரோடோனின் மிகுந்து காய்ச்சல், நடுக்கம், குழப்பம் வரை போகலாம்.

மருந்தே அல்லாத ஒன்றைக் கருவியில் எப்படி அடிப்பது? சிகரெட் புகை, குளோசபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடும். புகைப்பவருக்கு அதற்கேற்ற கூடுதல் டோஸ் கொடுத்திருப்பார்கள். அவர் மருத்துவமனையில் சேர்ந்தோ மனம் மாறியோ திடீரென்று புகையை விட்டால், அதே டோஸில் ரத்த அளவு ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ ஏறலாம். காரணம் புகையிலுள்ள வேதிப்பொருள்கள், நிக்கோடின் அல்ல. ஆகவே நிக்கோடின் பட்டை ஒட்டினாலும் அளவு ஏறத்தான் செய்யும். சாப்பாடும் இப்படித்தான். மனச்சிதைவுக்கான மருந்துகளில் ஜிப்ராசிடோனை 500 கலோரியாவது உள்ள சாப்பாட்டோடும், லுராசிடோனை 350 கலோரியாவது உள்ள சாப்பாட்டோடும் எடுக்க வேண்டும்; வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சேரும் அளவு வெகுவாகக் குறையும். ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்ற முடிவுக்கு வருமுன் இதைப் பார்க்க வேண்டும்.

கருவிகள் மிகைப்படுத்துவதும் உண்டு. இரண்டு மனநல மருந்துகளைச் சேர்த்தாலே ஏதாவது ஒரு சிவப்பு எச்சரிக்கை வரும். மருத்துவர் தெரிந்தே, அளவைச் சரிசெய்து, சேர்த்துக் கொடுத்திருப்பார். வால்ப்ரோயேட்டோடு லாமோட்ரிஜின் சேர்ந்தால் பின்னதன் அளவு இரண்டு மடங்கு ஏறும் என்பது தெரிந்ததால்தான் வழக்கமான தினம் 25 மி.கி.க்குப் பதிலாக ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குகிறார்கள். வேகமாக ஏற்றினால் உயிருக்கே ஆபத்தான தோல் தடிப்பு வரும் வாய்ப்புக் கூடும். மாறாக, ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜினைப் பாதியளவுக்குக் குறைத்துவிடும். சிவப்பைக் கண்டதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்; திரையைப் படமெடுத்து மருந்தாளுநரிடம் காட்டுங்கள்.

தாய்ப்பால் கொடுக்கிறவர்களுக்கு லாக்ட்மெட்

ஒரே ஒரு கேள்விக்கு இவ்வளவு நேர்த்தியாகப் பதில் சொல்லும் இன்னொரு தளம் எங்கள் கண்ணில் படவில்லை. 2006-இல் தொடங்கியது, இலவசம். ஒவ்வொரு மருந்துக்கும் முதலில் சுருக்கம், பிறகு பாலில் எவ்வளவு போகிறது, குழந்தையின் ரத்தத்தில் எவ்வளவு கண்டார்கள், குழந்தைக்கு என்ன ஆனது, பால் சுரப்பைப் பாதிக்குமா, மாற்று மருந்து எது, கடைசியில் திருத்திய தேதி. ‘தாய்ப்பால் கொடுப்பவர்கள் மருத்துவரை அணுகவும்’ என்று கைகழுவும் பெட்டித் தாளுக்கும் இதற்கும் வெகுதூரம். செர்ட்ராலின் தாய்ப்பால் காலத்தில் விரும்பப்படும் மருந்துகளில் ஒன்று என்பது அங்கே போனால் உடனே தெரியும். பால் கொடுப்பதற்காக மருந்தையோ, மருந்துக்காகப் பாலையோ வீணாக நிறுத்திய தாய்மார்கள் எத்தனையோ பேர். அவர்கள் கைக்கு இந்தத் தளம் முன்பே போயிருக்க வேண்டும்.

‘மருந்து வேலை செய்யுமா?’ என்ற கேள்விக்கு

இதற்கு ஆய்வுத் தொகுப்புகளைத்தான் பார்க்க வேண்டும். காக்ரேன் தளத்தில் ஒவ்வொரு தொகுப்புக்கும் எளிய மொழிச் சுருக்கம் உண்டு. தனித்தனி ஆய்வுக் கட்டுரைகளை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் 2008-இல் வெளியான ஓர் ஒப்பீடு: எஃப்.டி.ஏ.விடம் பதிவான 74 மனச்சோர்வு மருந்து ஆய்வுகளில் ஏறத்தாழ பாதிதான் சாதகமான முடிவு தந்தவை; இதழ்களில் வெளிவந்தவற்றை மட்டும் படித்தவருக்கோ 94 சதவீதம் சாதகம் என்று தோன்றியிருக்கும். பாதகமானவற்றில் பல வெளிவரவே இல்லை. வெளிவராத தரவுகளையும் தேடிச் சேர்த்து 2018-இல் வந்த தொகுப்பு, 522 ஆய்வுகள், 1,16,477 பேர், 21 மருந்துகள். அந்த 21-உம் போலி மாத்திரையைவிட மேல், ஆனால் சராசரி வித்தியாசம் பெரிதல்ல என்பதே அதன் முடிவு. ‘அற்புதம்’ என்பவர்களும் ‘வெறும் ஏமாற்று’ என்பவர்களும் இதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அனுபவப் பதிவுகளும் சாட்பாட்டுகளும்

நோயாளிகள் நட்சத்திர மதிப்பீடு போடும் தளங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. ‘தலைக்குள் மின்னல் அடிப்பது போல’ என்று மருந்தை நிறுத்தியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் பலருக்கு அது தெரிய வந்தது. ஆனால் எழுதுவது யார் என்று பாருங்கள்: மிகவும் கஷ்டப்பட்டவர், மிகவும் தேறியவர். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறவர் எழுத மாட்டார். எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற கணக்கு அங்கே கிடைக்கவே கிடைக்காது. அரசு அமைப்புகளின் பக்க விளைவுப் புகார்த் தொகுப்புகளிலும் இதே குறை: புகார் வந்தது என்பதுதான் பதிவு, மருந்துதான் காரணம் என்று நிரூபணம் ஆனதல்ல. ஒரு வகைப் பக்க விளைவு இருக்கிறதா என்று அறிய அங்கே போங்கள்; எவ்வளவு அடிக்கடி என்பதை லேபிளில் பாருங்கள்.

சாட்பாட்டுகள் தமிழிலேயே விளக்கிச் சொல்வது பெரிய வசதி. லேபிளின் கனமான ஒரு பத்தியை அப்படியே ஒட்டி ‘எளிமையாகச் சொல்’ என்றால் பெரும்பாலும் நன்றாகவே செய்யும். வெறுங்கையோடு டோஸையோ, குறைக்கும் அட்டவணையையோ, மருந்து மோதலையோ கேட்டால் சரியும் தவறும் ஒரே உறுதியான குரலில் வரும். இல்லாத கட்டுரையை ஆதாரமாகக் காட்டுவதும் நடக்கிறது. அது சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் லேபிளில் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த எண் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் கேட்கும் மருந்தாளுநர்

இத்தனை தளங்களும் செய்ய முடியாத ஒன்று, உங்கள் மொத்தப் பட்டியலையும் ஒன்றாகப் பார்ப்பது. அதற்கு மருந்தாளுநர் இருக்கிறார். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து எல்லா அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். ‘பக்க விளைவு என்ன?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இந்த மாத்திரையை உடைக்கலாமா, எந்த வலி மாத்திரை எனக்கு ஆகாது, இரண்டு நாள் தவறினால் அதே டோஸில் தொடரலாமா, எந்த அறிகுறி வந்தால் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் மருந்துக்கு மருந்து வேறு: லாமோட்ரிஜினுக்குத் தோலிலோ வாய்க்குள்ளோ தடிப்பும் புண்ணும்; குளோசபினுக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி, பல நாள் மலச்சிக்கல்; லித்தியத்துக்குப் பெரிதான கை நடுக்கம், குழறும் பேச்சு, வாந்தி; மனச்சிதைவு மருந்து எதுவானாலும் காய்ச்சலும் உடல் விறைப்பும் குழப்பமும் சேர்ந்து வருவது. பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம், குளோனசெபம் போன்றவற்றைச் சாப்பிடுகிறவர்கள் கையிருப்பு தீரும் நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். நாள்பட்டுச் சாப்பிட்டதைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம் என்பதை 2020-இல் எஃப்.டி.ஏ. கறுப்புக் கட்டத்திலேயே சேர்த்திருக்கிறது. பதில்களை அட்டைப் பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதி வாங்கி வையுங்கள். மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வீட்டாருக்கும் அது கண்ணில் படும்.